கூட்டமாக விடுவதா, ஜோடி ஜோடியாகப் பிரிப்பதா? ஃபின்ச் குஞ்சு பொரிக்க எந்த வழி நல்லது

பறக்க இடமுள்ள பெரிய கூண்டறையான ஏவியரி நிறைய ஃபின்ச்சுகள், விதை தின்னும் சின்னப் பறவைகள். விடிந்ததிலிருந்து சத்தம் ஓயாது. தினை வைக்க வைக்கத் தீரும், குளியல் தட்டில் தண்ணீர் தெறிக்கும், ஆண்கள் விடாமல் பாடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆறு மாதமாகியும் ஒரு குஞ்சுகூடக் கூட்டைவிட்டு வெளியே வந்திருக்காது. முட்டைகள் கூமுட்டையாகப் போயிருக்கும். இல்லையென்றால் பொரித்த மறுநாளே குஞ்சு தரையில் செத்துக் கிடக்கும்.

இந்த நிலையில் நிற்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே ஏவியரியில் விட்டு, கூடுகளை மாட்டி, அவை பாட்டுக்குக் குஞ்சு பொரிக்கட்டும் என்று இருப்பது ஒன்று. ஒவ்வொரு ஜோடியையும் பிடித்துத் தனிக் கூண்டில் போடுவது இன்னொன்று. இரண்டையும் பல ஆண்டுகள் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. ஜோடி சேர்வது ஏவியரியில், குஞ்சு வளர்ப்பது தனிக் கூண்டில். இப்போது நான் பெரும்பாலும் செய்வது இதைத்தான். அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், எந்த வழியில் போனாலும் முதலில் சரிபார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

உங்களிடம் இருப்பது உண்மையிலேயே ஆணும் பெண்ணும்தானா? இங்கே நான் பேசுவது ஜீப்ரா, பெங்கலீஸ், கோல்டியன் என்ற மூன்று ஃபின்ச் இனங்களைப் பற்றி. ஜீப்ரா ஃபின்ச்சில் இது எளிது. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, தொண்டையில் வரிவரியாகக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளியிட்ட செம்பழுப்பு. பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. முழு வெள்ளை ஜீப்ராவில் அலகைத்தான் பார்க்க வேண்டும். ஆணின் அலகு அடர் சிவப்பு, பெண்ணின் அலகு வெளிர் ஆரஞ்சு. பெங்கலீஸில் ஆணும் பெண்ணும் அச்சு ஒன்றுதான். பாடினால் ஆண். வேறு அடையாளம் தேடிப் பயனில்லை. இரண்டு பெண் பெங்கலீஸ் சேர்ந்து கூடு கட்டி, பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு, மாறி மாறி அடைகாப்பதும் உண்டு. அத்தனையும் கூமுட்டை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும்.

வயதும் முக்கியம். ஜீப்ரா மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். ஆனால் அந்த வயதில் விட்டால் பெண்ணுக்கு முட்டை வெளியே வராமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். குஞ்சுகளுக்கு ஊட்டும் பக்குவமும் வந்திருக்காது. குறைந்தது ஆறு மாதம் ஆகட்டும். கோல்டியனுக்கு முதல் இறகு மாற்றம் முழுதாக முடிந்து, ஒரு வயதை நெருங்கினால்தான் நான் கூடு காட்டுவேன்.

கூட்டமாக விடுவதில் உள்ள நல்லதும் கெட்டதும்

ஜீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவை. அங்கே அது கூட்டமாக வாழும், பக்கத்துப் பக்கத்துப் புதர்களில் கூடு கட்டும், மழை பெய்து புல் விதை பிடித்தவுடன் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டையிடும். அதனால் ஏவியரியில் ஒரு ஜோடி தொடங்கினால் மற்றவையும் தொடங்கும். தனியாக இருந்தபோது மந்தமாக இருந்த ஜோடி, கூட்டத்தில் விட்டதும் நான்கே நாளில் கூடு கட்ட நார் தூக்கிக்கொண்டு திரிவதைப் பார்த்திருக்கிறேன். பறப்பதற்கு இடம் இருப்பதால் உடம்பும் திடமாக இருக்கும். கொழுப்பு ஏறிய பெண்ணைவிட, பறந்து திரிந்த பெண் சிரமமில்லாமல் முட்டையிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, துணையை அதுவே தேர்ந்தெடுத்துக்கொள்வது. இதை நான் முதலில் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நிறமும் உருவமும் பார்த்து நானே ஜோடி சேர்ப்பேன், பறவைக்கு இதில் என்ன விருப்பு வெறுப்பு என்று நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் பறவையியல் நிறுவனத்தில் நடந்த ஓர் ஆய்வு. மலிகா இலே, பார்ட் கெம்பனேர்ஸ், வொல்ஃப்காங் ஃபோர்ஸ்ட்மையர் ஆகிய மூவரும் 2015-இல் அதை வெளியிட்டார்கள். 20 பெண் ஜீப்ராக்களை 20 ஆண்களோடு விட்டுத் தாமாகவே ஜோடி சேர வைத்தார்கள். பிறகு பாதி ஜோடிகளை அப்படியே விட்டார்கள். மீதியைப் பிரித்து, ஒன்றின் துணையை இன்னொன்றுக்குக் கட்டி வைத்தார்கள். விரும்பிச் சேர்ந்த ஜோடிகளுக்கு, கட்டாயமாகச் சேர்த்தவற்றைவிட 37 விழுக்காடு அதிகமான குஞ்சுகள் பிழைத்தன.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, இழப்பு எங்கே நடந்தது என்பதுதான். முட்டைக்குள் கரு செத்துப்போவது இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கட்டாய ஜோடிகளில் கருவே பிடிக்காத முட்டைகள் அதிகம், காணாமல் போன முட்டைகள் அதிகம், பொரித்த முதல் இரண்டு நாளில் செத்த குஞ்சுகள் அதிகம். அந்த ஆண்கள் கூட்டில் சரியாக உட்காரவில்லை. மறுநாள் தரையில் கிடக்கும் குஞ்சைப் பார்த்து, "தீனி சரியில்லை, கால்சியம் போதவில்லை" என்று எத்தனை முறை நான் தீனியைக் குறை சொல்லியிருப்பேன்! அவற்றில் சிலவாவது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜோடிகளாக இருந்திருக்கும்.

சரி, கூட்டமாகவே விட்டுவிடலாமே என்றால், அங்கே வேறு சிக்கல்கள் வரும். என் முதல் ஏவியரியில் நான்கு ஜோடி ஜீப்ராக்கள் இருந்தன. ஐந்து கூடுகளை அழகாக இருக்கட்டும் என்று மேலும் கீழுமாக மாட்டினேன். நான்கு ஜோடிகளுக்கும் வேண்டியிருந்தது உச்சியில் இருந்த ஒரே கூடு. மூன்று வாரம் அந்த வாசலில் சண்டை. கடைசியில் அதில் எண்ணிப் பார்த்தபோது 11 முட்டைகள். ஒரு பெண்ணால் இவ்வளவு இட முடியாது, ஜீப்ரா வழக்கமாக இடுவது 4 முதல் 6 முட்டைதான். யார் அடைகாப்பது என்ற போட்டியில் பாதி உடைந்தன, பாதி ஆறிப்போயின. பொரித்தவை இரண்டு. இரண்டும் பிழைக்கவில்லை.

அடுத்த முறை எல்லாக் கூடுகளையும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரியானவையாக, முடிந்த அளவு இடைவெளி விட்டு மாட்டினேன். ஜோடிக்கு இரண்டு வீதம் எட்டு கூடுகள். சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முட்டை உடையும் அளவுக்குப் போகவில்லை. கூட்டமாகத்தான் வைப்பேன் என்பவர் வேறு எதை விட்டாலும் இந்த மூன்றை விடக் கூடாது: கூடு ஜோடிக்கு இரண்டு, எல்லாம் ஒரே உயரம், ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கை. துணையில்லாத ஒற்றை ஆண் ஒன்று இருந்தால் போதும், எல்லாக் கூட்டுக்குள்ளும் தலையை நீட்டிக் குழப்பிவிடும். இரண்டே ஜோடிகளை மட்டும் விடுவதும் எனக்குச் சரிவரவில்லை. ஒரு ஜோடி இன்னொன்றைத் துரத்திக்கொண்டே இருக்கும். மூன்று ஜோடிக்கு மேல் போனால் அந்தத் துரத்தல் பலர் மேல் பிரிந்து தணிகிறது. அதற்காக நெருக்கவும் கூடாது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஆள் உயரம் உள்ள ஏவியரியில் நான்கு ஜோடிக்கு மேல் நான் விட மாட்டேன்.

கூட்டத்தில் தீராத ஒரு குறை, எந்தக் குஞ்சு யாருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியாதது. ஜீப்ரா வாழ்நாள் ஜோடி என்பது உண்மைதான். காட்டில் அவை துணை மாறிச் சேர்வது மிக அரிது. ஏவியரியில் அப்படி இல்லை. அதோடு ஒரு பெண் அடுத்தவர் கூட்டில் முட்டையை வைத்துவிட்டு வருவதும் நடக்கும். நிறம் பார்த்து வளர்ப்பவருக்கும், அண்ணன் தங்கை சேர்ந்துவிடக் கூடாது என்று கவலைப்படுபவருக்கும் கூட்டமுறை ஒத்துவராது. கொண்டை வைத்த ஜீப்ராக்கள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். கொண்டை உள்ள இரண்டு பறவைகள் ஜோடி சேர்ந்தால், இருபுறமிருந்தும் அந்த மரபணுவைப் பெறும் கரு முட்டையிலேயே செத்துவிடும்.

தனிக் கூண்டு

60 சென்டிமீட்டர் நீளமாவது உள்ள கூண்டு, ஒரு ஜோடி, ஒரு கூடு. எல்லாம் கண் முன்னால் இருக்கும். எந்த நாளில் முதல் முட்டை, எத்தனை, எது கருப்பிடித்தது, எந்தக் குஞ்சின் இரைப்பை நிறைந்திருக்கிறது என்று எழுதி வைக்கலாம். அடை தொடங்கி ஆறாம் நாள் வாக்கில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால், கரு இருப்பதில் சிவப்பு நரம்புகள் வேர் போலப் பரவியிருக்கும். எதுவும் இல்லாமல் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை. ஏவியரியில் இதைச் செய்யப் போனால் ஒரு கூட்டைப் பார்ப்பதற்குள் எல்லா ஜோடிகளும் கலைந்து பறக்கும்.

தீனியும் யாருக்கு எவ்வளவு என்று தெரிந்து வைக்கலாம். நோய் வந்தால் ஒன்றோடு நிற்கும். ஏவியரியில் பலவீனமான ஜோடிக்கு, வேகவைத்த முட்டையைப் பிசைந்து வைக்கும் முட்டைக்கலவை கிடைக்கிறதா என்றுகூடத் தெரியாது. வலுத்தவை தட்டை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

குறை மேலே சொன்னதுதான். நாம் சேர்த்து வைத்த ஜோடிக்கு ஒன்றையொன்று பிடிக்காமல் போகலாம். பிடிக்காவிட்டால் விலகிப் போக அங்கே இடமும் இல்லை. கூண்டின் இரு மூலைகளில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தால், இரவில் ஒட்டிக்கொள்ளாமல் தூங்கினால், ஒன்று இன்னொன்றின் முதுகு இறகைப் பிடுங்கினால், இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பிரித்துவிடுங்கள். சின்னக் கூண்டில் பறக்க வழியில்லாமல் உடம்பு பெருப்பதும் ஒரு குறை. அதனால் குஞ்சு வளர்க்காத காலத்தில் யாரையும் நான் தனிக் கூண்டில் வைத்திருப்பதில்லை.

நடுவழி

கூடு எதுவும் இல்லாத ஏவியரியில், ஆணையும் பெண்ணையும் சம எண்ணிக்கையில், இரண்டு மூன்று வாரம் விடுகிறேன். ஒவ்வொன்றின் காலிலும் வேறு வேறு நிற வளையம் இருக்கும், இல்லாவிட்டால் எது எது என்று குழம்பிவிடும். கூடு இல்லை என்பதால் சண்டைக்குக் காரணமும் இல்லை. அவை பழகுகின்றன, பாடுகின்றன, மெதுவாக ஜோடிகள் தெரிய ஆரம்பிக்கின்றன. பகலில் ஒரே கிளையில் உடம்போடு உடம்பு ஒட்டி உட்காரும், ஒன்று கழுத்தைச் சாய்க்க மற்றொன்று கோதிவிடும், மூன்றாமவர் வந்தால் இரண்டும் சேர்ந்து விரட்டும். ஒரு முறை பார்த்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்கைந்து நாள் தொடர்ந்து அதே இரண்டு வளையங்கள் ஒன்றாக இருந்தால் அதுதான் ஜோடி.

அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து, கூடு மாட்டித் தயாராக வைத்திருக்கும் கூண்டில் விட வேண்டும். ஒன்றை இன்று, இன்னொன்றை நாளை என்று பிடித்தால் இரண்டும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போகும். கூண்டை ஏவியரியின் சத்தம் கேட்கும் தூரத்திலேயே வைக்கிறேன். கூட்டத்தின் குரல் கேட்டால்தான் ஜீப்ராவுக்குத் தெம்பு வருகிறது. ஒரே ஒரு விதிவிலக்கு, பழைய துணை. ஏற்கெனவே வேறு பறவையோடு குஞ்சு வளர்த்ததைப் புதிதாக ஜோடி சேர்க்கும்போது பழைய துணையின் குரல் காதில் விழவே கூடாது. அதன் குரல் கேட்கிறவரை புதியதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இந்த வழியில் வேலை அதிகம். கூண்டுகள் வேண்டும், பிடிக்கும்போது பறவைக்குக் கொஞ்சம் பதற்றம், இடம் மாறியதில் ஒரு வாரம் வீணாகும். ஆனால் துணையைத் தானே தேர்ந்த நன்மையும் கிடைக்கிறது, கணக்கும் கைவிட்டுப் போகவில்லை. ஓர் ஏவியரியும் இரண்டு மூன்று கூண்டுகளும் உள்ள யாருக்கும் நான் இதையே சொல்வேன். ஏவியரி மட்டும்தான் இருக்கிறது, குஞ்சின் பெற்றோர் யார் என்பது பெரிய விஷயமில்லை என்றால் கூட்டமுறையே போதும். கூடுகளைச் சரியாக மாட்டினால் அதிலும் குஞ்சுகள் வரும்.

எந்த இனம் என்பதைப் பொறுத்தும் மாறும்

மேலே சொன்னவை ஜீப்ராவை மனத்தில் வைத்துச் சொன்னவை. பெங்கலீஸ் அப்படி இல்லை. வெண்முதுகுச் சில்லையிலிருந்து ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கிய பறவை அது. காட்டில் பெங்கலீஸ் என்று ஒன்று கிடையாது. சாதுவானது. யாரோடும் சண்டை இல்லை, அதுவே கூட்டத்தில் அதற்குத் தொல்லை. எட்டு கூடு மாட்டினாலும் எல்லாம் ஒரே கூட்டுக்குள் நெருக்கியடித்து உட்காரும். முட்டைகள் அடியில் நசுங்கும், உருளும், விரிசல் விடும். பெங்கலீஸுக்குத் தனிக் கூண்டுதான். துணை விஷயத்தில் அவ்வளவு கறார் இல்லாததால் நாமே சேர்த்து வைப்பதும் பெரும்பாலும் பலிக்கிறது.

கோல்டியன் வட ஆஸ்திரேலியாவில் மரப்பொந்தில் முட்டையிடும் பறவை. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் என மூன்று தலை நிறங்கள் உண்டு. அதை ஜீப்ராக்களோடு ஒரே ஏவியரியில் விட்டுக் குஞ்சு எதிர்பார்ப்பது வீண். கோல்டியன் ஒரு பெட்டியைத் தேர்ந்து உள்ளே உட்கார்ந்தவுடன் ஜீப்ரா போய் அதன் தலைமேலேயே நார் போட்டுக் கூடு கட்ட ஆரம்பிக்கும். கோல்டியன் எதிர்த்து நிற்காது, விட்டுக் கொடுத்துவிடும். கோல்டியன்கள் மட்டுமே உள்ள ஏவியரியில் கூட்டமுறை ஓரளவு நடக்கும், ஆனால் தனிக் கூண்டில் அமைதியாக இருக்கும். கோல்டியனில் எனக்குப் பிடித்த வசதி, பெண்ணின் அலகே நேரத்தைச் சொல்லிவிடும். முட்டையிடத் தயாராகும்போது வெளிர் அலகு கறுத்துக்கொண்டே வரும். கறுக்காத பெண்ணுக்குக் கூடு காட்டி அவசரப்படுத்தினால் ஒன்றும் நடக்காது.

முதன்முதலாகக் குஞ்சு பார்க்க ஆசைப்படுபவருக்கு ஜீப்ராவும் பெங்கலீஸும் போதும். கோல்டியனை இரண்டாம் ஆண்டுக்கு வையுங்கள்.

கூடு: கூடையா, பானையா, பெட்டியா

பிரம்புக் கூடை மலிவு, இலேசு, ஜீப்ரா உடனே ஏறி உட்காரும். ஆனால் பின்னல் இடுக்கில் பேன் குடியிருக்கும், கழுவிக் காயவைத்தாலும் முழுதாகப் போகாது. ஒரு ஈட்டுக்கு, அதாவது ஒரு முறை முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்து முடிக்கும்வரை, பயன்படுத்தித் தூக்கிப் போடுவதாக இருந்தால் சரி. அசையாமல் இறுக்கிக் கட்டாவிட்டால் முட்டை உருண்டு உடையும்.

மண்பானை எனக்குப் பிடித்தது. சுட்ட மண் என்பதால் பேனுக்கு இடுக்கு இல்லை, கொதிநீர் ஊற்றிக் கழுவலாம், வெயில் காலத்தில் உள்ளே அவ்வளவு சூடேறாது. வழுவழுப்பான அடியில் நார் போதாமல் போனால் முட்டை உருளும், குஞ்சின் கால் இரண்டு பக்கமும் விரிந்து வளைந்துவிடும். அதனால் பறவை கட்டத் தொடங்குவதற்கு முன்பே கைப்பிடி தேங்காய் நாரை அடியில் அழுத்தி வைத்துவிடுகிறேன். குளிர் காலத்தில் பானை சீக்கிரம் ஜில்லிட்டுவிடும், அப்போது பெட்டிக்கு மாறுவேன்.

மரப்பெட்டியில் இரண்டு வகை. முன்பக்கம் பாதி திறந்த, சுமார் 12 முதல் 15 சென்டிமீட்டர் சதுரமான சின்னப் பெட்டி ஜீப்ராவுக்கும் பெங்கலீஸுக்கும். ஆழமான, வட்டத் துளை வாசல் உள்ளது கோல்டியனுக்கு, ஏனென்றால் அதற்கு வேண்டியது பொந்தின் இருட்டு. அந்த இருட்டில் குஞ்சின் வாயோரத்தில் இருக்கும் சின்ன முத்துகள், உள்ளே விழும் கொஞ்ச வெளிச்சத்தையே வாங்கித் திருப்பி மின்னும். தாய்க்கு எங்கே ஊட்டுவது என்று தெரிவது அப்படித்தான். முதல்முறை பார்த்தபோது பெட்டியை மூடக் கை வரவில்லை. மூன்று வகையிலும் ஒன்றைத்தான் எடு என்றால், மேல் மூடி திறக்கும் மரப்பெட்டியைச் சொல்வேன். எந்தக் காலத்துக்கும் ஆகும், பறவையைக் கலைக்காமல் உள்ளே பார்க்கலாம்.

கூடு கட்டக் கொடுப்பதில் தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போதும், 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். பஞ்சு நூல், தலைமுடி, சாக்குப் பிரி எதுவும் கூடாது. விரலில் சுற்றி இறுகி, கால் போன பறவையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். முதல் முட்டை விழுந்ததும் மீதி நாரை எல்லாம் எடுத்துவிட வேண்டும். ஜீப்ரா ஆணுக்குக் கட்டுவதை நிறுத்தத் தெரியாது. முட்டைமேல் நார், நார்மேல் மறுபடி முட்டை என்று அடுக்கிவிடும்.

தீனி

மழைக்குப் பின் புல்லில் பால் பிடித்த பச்சை விதை கிடைக்கும்போதுதான் ஜீப்ரா காட்டில் குஞ்சு பொரிக்கிறது. நம் வேலை அந்த மழையை அதற்குக் காட்டுவதுதான். காய்ந்த தினை, சாமை, பனிவரகு மட்டும் வைத்தால் முட்டை வரலாம், குஞ்சு வளராது. அந்த ஓட்டமான வளர்ச்சிக்கு வேண்டிய புரதம் அதில் இல்லை.

மிச்சம் இருக்கும் தேர்வு, முளைகட்டிய விதையா, முட்டைக்கலவையா என்பது. இரண்டையும் கொடுப்பது நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் முட்டைக்கலவை. வேகவைத்த முட்டையை ஓட்டோடு பொடியாக மசித்து, ரொட்டித் தூளோடு பிசைந்து, உதிரியாக வைப்பது. ஓடு கால்சியம் தரும், கரு புரதம் தரும். பழகாத பறவை முதல் சில நாள் தொடாது, விடாமல் தினமும் வைத்தால் பழகும். அதனால் கூடு மாட்டுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்குகிறேன். முளைவிதை சீக்கிரம் பழகிவிடும், பறவைக்கு மழைக்கால நினைவைக் கொண்டுவரும். ஆனால் புளித்துப்போனால் வயிற்றுப்போக்கில் குஞ்சுகளை மொத்தமாக இழப்போம். இரவு ஊறவைத்து, காலையில் அலசி வடித்து, நாளைக்கு மூன்று முறை தண்ணீர் மாற்றி அலச வேண்டும். வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் கொடுத்துவிட வேண்டும். முகர்ந்து பார்த்தால் பச்சை மணம் வர வேண்டும், புளிப்பு வந்தால் குப்பைக்கு. இரண்டு தீனியையும் இரண்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

கணவாய் ஓடு எப்போதும் தொங்க வேண்டும். இதில் மாற்று யோசனையே இல்லை. அதோடு, காலை வெயில் நேராக விழ வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் போதாது, கால்சியத்தை உடம்பில் சேர்க்க உதவும் கதிர் கண்ணாடியைத் தாண்டாது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வயிறு புடைத்து, பெண் தரையில் உட்கார்ந்திருந்தால் முட்டை அடைத்திருக்கிறது என்று பொருள். உடனே வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் அது இருக்காது.

பெற்றோரா, வளர்ப்புத் தாயா

கோல்டியன் முட்டையை எடுத்துப் பெங்கலீஸுக்கு அடியில் வைத்து வளர்ப்பது பழைய வழக்கம். பெங்கலீஸ் யார் முட்டையையும் தன்னுடையதாக நினைத்து அடைகாக்கும், ஊட்டும். பெற்றோர் முட்டையைத் தூக்கி எறியும்போதோ தாய் செத்துப்போனபோதோ இது குஞ்சைக் காப்பாற்றும். அதை வழக்கமாக்கிக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். கிளவுஸ் இம்மெல்மான் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1960-களில் ஜீப்ரா ஆண்களைப் பெங்கலீஸிடம் வளரவிட்டுப் பார்த்தார். பெரிதான பிறகு, ஜீப்ராப் பெண் பக்கத்தில் இருந்தும் அவை பெங்கலீஸ் பெண்ணைத்தான் நாடின. தன் இனம் எது என்பதையே வளர்த்தவரைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது குஞ்சு. நான்கு குஞ்சு கூடுதலாகக் கிடைக்கிறது என்று மாற்றி வைத்தால், அடுத்த தலைமுறையில் தானாக ஜோடி சேராத பறவைகளை நாமே உருவாக்கியதாகும்.

முதல் ஈட்டில் சொதப்பும் ஜோடிக்கு இன்னும் இரண்டு வாய்ப்புக் கொடுங்கள். இரண்டாம் ஈட்டில் பாதி தேறும், மூன்றாவதில் கைதேர்ந்துவிடும். அடிக்கடி எட்டிப் பார்க்காமல் இருப்பதே இந்தக் காலத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. கூட்டுக்குள் நமக்குத் தெரியாத பேச்சு நடக்கிறது. வெப்பம் 26 டிகிரியைத் தாண்டும் நாட்களில், பொரிக்கும் தறுவாயில் உள்ள முட்டைகளைப் பார்த்து ஜீப்ரா தாய் தகப்பன் தனியாக ஓர் ஒலி எழுப்புவதை ஆஸ்திரேலியாவில் மரியெட், புக்கானன் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதைக் கேட்டுப் பொரித்த குஞ்சுகள், வெப்பத்துக்கு ஏற்றபடி வேறு விதமாக வளர்ந்தன.

நாட்கணக்கு தெரிந்தால் பொறுமையாக இருக்கலாம். ஜீப்ரா தினம் ஒரு முட்டை இடும், மூன்று நான்கு சேர்ந்த பிறகே முழுமூச்சாக அடைக்கு உட்காரும். அங்கிருந்து 12 முதல் 14 நாளில் பொரிக்கும், 18 முதல் 21 நாளில் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வரும். பெங்கலீஸுக்கும் கோல்டியனுக்கும் இரண்டிலும் சில நாட்கள் கூடுதலாகும்.

எப்போது நிறுத்துவது என்பதிலும் கூட்டமுறைக்கும் தனிக் கூண்டுக்கும் வித்தியாசம் உண்டு. கூடும் நல்ல தீனியும் இருக்கும்வரை ஜீப்ரா ஈடு மேல் ஈடாக முட்டையிட்டுக்கொண்டே போகும், பெண் இளைத்து எலும்பாகும். ஆண்டுக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று ஈடு. தனிக் கூண்டில் கூட்டைக் கழற்றி, ஜோடியைத் திரும்ப ஏவியரியில் விட்டால் முடிந்தது. ஏவியரியில் ஒவ்வொரு ஜோடியும் வேறு வேறு கட்டத்தில் இருக்கும். ஒன்றுக்கு நிறுத்தக் கூட்டை எடுத்தால் அது பக்கத்துக் கூட்டைப் பிடுங்கப் போகும். அதனால் அங்கே எல்லோரையும் ஒரே நாளில் தொடங்க வைத்து, கடைசிக் குஞ்சு இறங்கியதும் எல்லாக் கூடுகளையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும். முட்டைக்கலவையையும் அன்றே நிறுத்திவிட்டு, காய்ந்த விதைக்கும் கீரைக்கும் திரும்பலாம்.

குஞ்சுகள் 35 நாள் வாக்கில் தாமே கொறிக்கத் தொடங்கும். அப்போது அவற்றைப் பிரிப்பதா, தாயோடு விடுவதா என்பது தனிக் கூண்டுக்காரர் முன் வரும் கடைசித் தேர்வு. அடுத்த ஈட்டுக்குத் தாய் தயாரானால் தகப்பன் பழைய குஞ்சுகளைத் துரத்தும், அதனால் பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் தூரமாகக் கொண்டுபோக வேண்டாம். ஆண் ஜீப்ரா தன் பாட்டைத் தகப்பனிடமிருந்து கற்பது கிட்டத்தட்ட இந்த வயதில்தான், மூன்றாம் மாதம் வரை அது நடக்கிறது. ஏவியரியில் பெரிய ஆண்களோடு விடுங்கள், தகப்பனின் கூண்டை அதன் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள். முதலில் தொண்டைக்குள் முணுமுணுப்பாகத் தொடங்கும், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். கன்னத்தில் ஆரஞ்சு நிறம் ஏறி முடிவதற்குள், தகப்பன் பாடுகிற அதே வரி அதன் வாயிலிருந்து வரும்.